ஒரு கிலோமீட்டருக்குள்

2024 பிப்ரவரி 9ஆம் தேதி மகாராஷ்டிர அரசு கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளில் ஒரு திருத்தம் செய்தது. ஒரு தனியார் பள்ளியின் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ இருந்தால், அந்தத் தனியார் பள்ளி ஏழைக் குழந்தைகளுக்கென்று 25 விழுக்காடு இடங்களை ஒதுக்க வேண்டியதில்லை. படிக்கும்போது சாதுவாகத் தெரியும் இந்த விதியை மும்பை வரைபடத்தை முன்னால் விரித்துவைத்துக்கொண்டு படிக்க வேண்டும். தாராவியின் தொண்ணூறடிச் சாலை, மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள், செம்பூர் ஸ்டேஷன் என எங்கே நின்று வட்டம் போட்டாலும் அதற்குள் ஒரு மாநகராட்சிப் பள்ளியாவது வந்துவிழும். இந்த நகரத்தில் பெரும்பாலான தனியார் பள்ளிகளின் கதவு அந்த ஒரு பத்தியால் ஏழைகளுக்கு அடைபட்டது.

அந்த ஏப்ரலில் விண்ணப்பத்துக்கான இணையதளம் திறந்தபோதுதான் பெற்றோருக்கு விஷயம் உறைத்தது. பட்டியலில் இருந்தவற்றில் பெரும்பாலானவை அரசுப் பள்ளிகளும் உதவிபெறும் பள்ளிகளும். முந்தைய ஆண்டு மாநிலம் முழுவதும் 1 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட இடங்களுக்கு மூன்றரை லட்சத்துக்கும் மேலானவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். இப்போது காட்டப்பட்ட இடங்கள் 8 லட்சத்தைத் தாண்டின. வந்த விண்ணப்பங்களோ 1 லட்சத்தைக்கூட எட்டவில்லை. நேரில் போனாலே சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கு எதற்கு விண்ணப்பமும் குலுக்கலும் என்று மக்கள் விலகிக்கொண்டார்கள். மே 6ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம் திருத்தத்துக்குத் தடை விதித்தது. ஜூலை 19 அன்று தலைமை நீதிபதி தேவேந்திர குமார் உபாத்யாயா, நீதிபதி அமித் போர்க்கர் அமர்வு அதை ரத்து செய்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பில் தலையிட மறுத்துவிட்டது.

தீர்ப்பு சரியானது. ஆனாலும் அரசு சொன்ன காரணத்தைக் காது கொடுத்துக் கேட்காமல் ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. பக்கத்திலேயே அரசுப் பள்ளி இருக்கும்போது பொதுப்பணத்தைத் தனியார் பள்ளிக்கு ஏன் கட்டணமாகக் கொடுக்க வேண்டும் என்று அரசு கேட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக நம்முடைய நேர்மையான கல்வியாளர்கள் கேட்டுவரும் கேள்வியும் இதுதான். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி ஆணையம் அருகமைப் பொதுப்பள்ளியைப் பரிந்துரைத்தது. கல்வியாளர் அனில் சத்கோபால் இந்த 25 விழுக்காட்டை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர். பொதுப்பள்ளி முறையைக் கைவிடுவதற்கான வழியாகவே அவர் அதைப் பார்த்தார். தமிழ்நாட்டில் பொதுப் பள்ளிக்கான மாநில மேடையின் பிரின்ஸ் கஜேந்திரபாபுவும் பொதுப்பணம் பொதுப்பள்ளிக்கே என்று ஓயாமல் பேசிவருபவர். ஆனால் கோத்தாரி ஆணையம் சொன்ன அருகமைப் பள்ளியில் ஒரு நிபந்தனை உண்டு: அந்த வட்டாரத்தின் எல்லாக் குழந்தைகளும் அங்கேதான் படிக்க வேண்டும். அதிகாரியின் பிள்ளையும் அவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவரின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். மகாராஷ்டிர அரசு நிபந்தனையை விட்டுவிட்டு அருகாமையை மட்டும் எடுத்துக்கொண்டது. பணம் உள்ளவருக்கு நகரம் முழுவதும் அருகில்தான். பள்ளி வாகனம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ஒரு கிலோமீட்டர் என்ற எல்லை ஏழையின் குழந்தைக்கு மட்டும் போடப்பட்டது. அந்த அநீதிக்காகவே திருத்தம் விழ வேண்டியிருந்தது.

பொதுப்பணத்தைப் பள்ளிக்குக் கொடுக்காமல் பெற்றோர் கையில் சீட்டாகக் கொடுத்துவிட வேண்டும், அவர்கள் விரும்பிய பள்ளியில் அதைச் செலுத்திக்கொள்ளட்டும் என்ற யோசனையை 1955இல் மில்டன் ஃப்ரீட்மன் எழுதினார். வவுச்சர் என்று உலகம் அதை அழைக்கிறது. சிலி நாட்டில் பினோசே ஆட்சி 1981இல் இதை நாடு முழுவதும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பள்ளிகள் பெருகின. கூடவே, பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதில் பள்ளிகள் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கின. மாணவர்கள் தெருவுக்கு வந்து பல ஆண்டுகள் போராடிய பிறகு, மானியம் பெறும் பள்ளிகள் மாணவரைச் சலித்தெடுப்பதையும் கூடுதல் கட்டணம் வாங்குவதையும் லாபம் பார்ப்பதையும் நிறுத்த 2015இல் சட்டம் வந்தது. நம் நாட்டில் 2007இல் டெல்லியில் ஒரு தன்னார்வ நிறுவனம் 408 குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 3,600 ரூபாய் வரையிலான சீட்டுகளைக் கொடுத்துப் பார்த்தது. 25 விழுக்காட்டு இடங்களை ஒதுக்கச் சொல்லும் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவை யாரும் வவுச்சர் என்று சொல்வதில்லை. ஆனால் அரசு பணம் கட்டுகிறது, குழந்தை தனியார் பள்ளியில் படிக்கிறது. உலகின் மிகப் பெரிய வவுச்சர் திட்டங்களில் ஒன்று நம் நாட்டில் வேறு பெயரில் நடந்துகொண்டிருக்கிறது.

இந்த வாதம் நமக்குப் புதிதும் அல்ல. 1854இல் வுட் அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு நிதியுதவி தரும் முறையைக் கொண்டுவந்தது. 1882இல் ஹண்டர் ஆணையம் விசாரணைக்கு வந்தபோது ஜோதிராவ் புலே அதன் முன் எழுத்துமூலம் ஒரு மனு வைத்தார். 1848லேயே புனேயில் பள்ளி தொடங்கி, மனைவி சாவித்ரிபாயோடு சேர்ந்து கல்லடியும் வசையும் பட்டு நடத்தியவர் அவர். அரசின் வருமானம் உழவனின் வேர்வையிலிருந்து வருகிறது. அது மேல்சாதியாரின் உயர்கல்விக்குப் போகிறது. உழவன் பிள்ளைக்குத் தொடக்கப் பள்ளிகூட இல்லை என்று கணக்குக் கேட்டார். குறைந்தது 12 வயது வரையாவது தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னார். அரசு பள்ளிகளிலிருந்து விலகிக்கொண்டு தனியார் கையில் விடுவது ஆபத்து என்றும் எச்சரித்தார். பணம் யாரிடமிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்ற அந்தக் கேள்வியை விட்டுவிட்டு இந்த நகரத்தில் பள்ளியைப் பற்றிப் பேச முடியாது.

மும்பைத் தமிழர் வாழ்க்கையை அறிய மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். தாராவிக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடவும் கூலி வேலைக்கும் வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். மாட்டுங்காவுக்கு வந்தவர்கள் தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரிந்த குமாஸ்தாக்கள். தஞ்சை, பாலக்காடு பக்கத்தவர்கள், பெரும்பாலும் பிராமணர்கள். அவர்களில் அடுத்த தலைமுறை செம்பூருக்கு நகர்ந்தது. செம்பூரில் சேடா நகர் முருகன் கோயிலும் ஃபைன் ஆர்ட்ஸ் சபாவும் ஒரு பக்கம் என்றால், அதைத் தாண்டி டிராம்பே ஓரத்தில் சீட்டா கேம்ப் இருக்கிறது. 1976இல் நெருக்கடிநிலைக் காலத்தில் அணு ஆய்வு மையத்துக்கு இடம் வேண்டும் என்று ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்த மக்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் அது. அங்கும் தமிழர்கள் ஏராளம். தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே போய்விடலாம். நடுவில் ரயில் பாதையும் லேபர் கேம்ப்பும்தான். ஆனால் இந்தப் பக்கத்துத் தமிழ்க் குழந்தையும் அந்தப் பக்கத்துத் தமிழ்க் குழந்தையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தது மிகக் குறைவு. மொழி ஒன்று, நகரம் ஒன்று, பள்ளி மட்டும் வேறு.

அந்தக் குமாஸ்தாக்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் கல்விக்காகச் செய்தது பெரிய காரியம். 1932இல் எம்.வி. வெங்கடேஸ்வரன் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். இன்று எஸ்.ஐ.இ.எஸ். என்று நகரமே அறிந்த பெயர் அது. இரண்டு ஆண்டு கழித்து வடாலாவில் தென்னிந்தியர் நலச் சங்கம் வந்தது. மாதச் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கொடுக்கக்கூடிய மனிதர்களின் சமூகம், அந்நிய ஊரில் தன் பிள்ளைகளுக்காக எழுப்பிக்கொண்ட பள்ளிகள் இவை. தாராவியிலும் தொண்ணூறடிச் சாலைப் பக்கம் காமராஜர் பெயரில் ஒரு பள்ளி நிற்கிறது. தன் சமூகத்தின் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்ற தவிப்பு எல்லாப் பக்கமும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. செம்பூரில் பிரிவினையின்போது அகதிகளாக வந்த சிந்திகளும் 1962இல் ஹஷு அத்வானியின் முயற்சியில் விவேகானந்தர் பெயரில் ஒரு கல்விச் சங்கம் கண்டார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் இங்கே காலூன்றப் பள்ளி கட்டினார்கள்; மும்பையின் கல்வி வரலாற்றில் பாதி இதுதான்.

ஆர்.டி.இ. சீட் என்று இங்கே எல்லோரும் சொல்கிற அந்த 25 விழுக்காட்டு இடம் யாருக்குக் கிடைக்கிறது என்று பார்ப்போம். விண்ணப்பம் இணையவழி, குலுக்கல் மாநிலம் முழுமைக்கும் புனேயில் நடக்கிறது. குலுக்கலில் மோசடி இருப்பதாக நான் நினைக்கவில்லை. சிக்கல் குலுக்கலுக்கு முன்னால், சான்றிதழ் கேட்கும் மேசையில் இருக்கிறது. பொருளாதாரத்தில் நலிந்தவர் என்று விண்ணப்பிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மாதத்துக்கு 8,333 ரூபாய். மகாராஷ்டிர அரசே மும்பைக்கு நிர்ணயித்திருக்கும் குறைந்தபட்சக் கூலி, எந்தத் தொழில் திறனும் தேவைப்படாத வேலைக்குக்கூட, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல். அப்படியென்றால் சட்டப்படியான கூலியை வாங்குகிற எந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கும் இந்த வழியில் இடம் இல்லை. ஒன்று முதலாளி அவரை ஏமாற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் தாசில்தாரிடம் குறைத்துச் சொல்ல வேண்டும். தாராவியில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் இளைஞர்களோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு தாய் இதை என்னிடம் நேராகக் கேட்டார்: "அண்ணாச்சி, இவ அப்பா மாசம் பன்னெண்டாயிரம் கொண்டாராரு. உண்மையச் சொன்னா பேப்பர் கெடைக்காதுங்காங்க, கொறச்சு எழுதச் சொல்லுதாங்க. புள்ளயப் பள்ளிக்கூடத்துல சேக்கப்போற அன்னைக்கே பொய் சொல்லணுமா?" அவருக்கு என்னிடம் பதில் இல்லை. டெல்லியில் நீதிமன்றம் தலையிட்ட பிறகு இதே 1 லட்சம் வரம்பு உயர்ந்தது. மும்பையின் வாடகையையும் விலைவாசியையும் அறிந்த ஓர் அரசு அதை இத்தனை ஆண்டு அப்படியே வைத்திருப்பதற்கு நியாயமே கிடையாது.

இன்னொரு வழி சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதிக் குழந்தைக்கு வருமான வரம்பு இல்லை. தாராவித் தமிழரில் பெரும்பாலோருக்கு இந்த வழி திறந்திருக்க வேண்டும். அவர்களுக்குத்தான் இது மூடியிருக்கிறது. திருநெல்வேலியில் ஆதிதிராவிடராக இருப்பவர் மகாராஷ்டிரத்துக்கு வந்துவிட்டால் அந்த உரிமை அவரோடு வராது. 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கிலும், 1994இல் மகாராஷ்டிரத்திலிருந்தே போன இன்னொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுகள் இதை உறுதிசெய்தன. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி அந்தக் குடும்பம் எந்த மாநிலத்தில் குடியிருந்தது என்பதே கணக்கு. அந்தத் தேதிக்கு முன்பே தாத்தா இங்கே தோல் பட்டறையில் வேலை செய்திருந்தாலும், 1950இல் தாராவிக் குடிசைக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? வெளிமாநிலச் சாதிச் சான்றிதழ் ஆர்.டி.இ. விண்ணப்பத்துக்குச் செல்லாது. மூன்றாம் தலைமுறையாக மும்பையில் பிறந்து, மும்பையின் சாக்கடைகளைத் தூர்வாரியவரின் பேத்தி, சாதியின் இழிவை முழுதாகச் சுமந்துகொண்டு அதற்கான ஈட்டை மட்டும் இழந்து நிற்கிறாள். பள்ளிச் சேர்க்கை பற்றி நம் ஊடகங்களில் நடக்கும் விவாதங்களில் இந்தக் குழந்தையைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

இருப்பிடச் சான்றும் வேண்டும். வாடகைக்கு இருப்பவர் பதிவு செய்த ஒப்பந்தம் காட்ட வேண்டும். கோலி என்று இங்கே சொல்லும் ஒற்றை அறைக்கு வாடகை வாங்கும் வீட்டுக்காரர் பதிவு அலுவலகத்துக்கு வரமாட்டார். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தூரம் இடம் கிடைப்பதைத் தீர்மானிக்கிறது. வீடோ அரசின் கையில் இருக்கிறது. தாராவி மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருந்ததை நிரூபிப்பவருக்கே தாராவிக்குள் இலவச வீடு. மற்றவர்களுக்காக முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் உப்பளங்களும் தேவ்நார் குப்பைமேடும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அரசு ஒரு கையால் அருகமைப் பள்ளி என்று சட்டம் எழுதுகிறது, மறு கையால் அருகமையையே பெயர்த்துத் தூக்கிப்போடுகிறது. ஜனதா காலனிக் குழந்தைகளுக்கு 1976இல் நடந்தது இவர்களுக்கும் நடந்துவிடக் கூடாது.

இத்தனையும் தாண்டி இடம் கிடைத்தால், எட்டாம் வகுப்பு வரை. சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு வாசலில் முழுக் கட்டணச் சீட்டு நீட்டப்படுகிறது. 2012இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தைகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தது 2020 ஜூனில். வீட்டில் வருமானமே நின்றுபோன மாதங்கள் அவை. அரசு பள்ளிகளுக்குத் திருப்பித் தரும் தொகையோ குழந்தைக்கு ஆண்டுக்கு 17,670 ரூபாய். கோவிட் காலத்தில் அதையும் 8,000 ஆக்கினார்கள். அதுவும் ஆண்டுக்கணக்கில் நிலுவை. நல்ல மனத்தோடு பிள்ளைகளைச் சேர்த்த சிறிய தனியார் பள்ளிகள் இதனால் தத்தளித்தன என்பதை மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2025இல் ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்திவைத்ததால் 25 விழுக்காட்டுச் சேர்க்கையே பல மாதம் முடங்கியது. பெரியவர்களின் சண்டையில் ஒரு குழந்தையின் முதல் வகுப்புக் காலம் கரைந்தது.

இதற்கெல்லாம் வவுச்சர்காரர்கள் தரும் பதில் வலுவானது. அதை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். மும்பை மாநகராட்சியின் கல்விக்கான பட்ஜெட் 2025-26இல் 3,900 கோடி ரூபாயைத் தாண்டியது. படிப்பவர்கள் 3 லட்சம் அளவில். அந்தப் பணத்தைத் தாயின் கையில் கொடுத்தால் பிள்ளையை அவரே நல்ல பள்ளியில் சேர்த்துவிட மாட்டாரா என்கிறார்கள். இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திராவின் 180 கிராமங்களில் குலுக்கல் முறையில் வவுச்சர் கொடுத்து நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தனியார் பள்ளிக்குப் போன குழந்தைகள் தெலுங்கிலும் கணிதத்திலும் மற்றவர்களைவிட முன்னேறவில்லை; இந்தியில் மட்டும் முன்னேறினார்கள். ஆனால் தனியார் பள்ளிகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் அதே அளவைத் தொட்டன. செலவு குறைந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வவுச்சர்காரர்கள் மகிழ்கிறார்கள். அந்த மிச்சம் பெரும்பாலும் ஆசிரியர் சம்பளத்திலிருந்து வந்தது. தாராவியின் சந்துகளில் ஆங்கிலப் பெயர் தாங்கிய சிறு பள்ளிகளில் பாடம் நடத்தும் பெண்களை எனக்குத் தெரியும். பட்டம் வாங்கியவர்கள், வீட்டு வேலைக்குப் போனால் இதைவிடக் கூடக் கிடைக்கும் என்று தெரிந்தே சுண்ணக்கட்டியைப் பிடித்திருப்பவர்கள். ஒரு ஏழையின் பிள்ளைக்குப் படிப்புத் தர இன்னொரு ஏழைப் பெண்ணின் கூலியைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை நான் சிக்கனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மக்கள் அரசுப் பள்ளியை வெறுத்து ஓடுகிறார்கள் என்பதும் முழு உண்மை அல்ல. 2020இலிருந்து மாநகராட்சி தன் பள்ளிகளுக்கு மும்பை பப்ளிக் ஸ்கூல் என்று பெயர் மாற்றி, சிலவற்றில் சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டங்களைக் கொண்டுவந்தது. மாட்டுங்காவின் எல்.கே. வாக்ஜி மாநகராட்சிப் பள்ளிக்குக் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டமே வந்தது. இடத்துக்கு மேல் ஆள் குவிந்தது. அங்கும் குலுக்கல் போட வேண்டிவந்தது. தனியார் பள்ளிக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வரிசையில் நின்றார்கள். கவனிக்கப்படும் அரசுப் பள்ளி இருந்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. என் வருத்தம் வேறு. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. நாட்டில் வேறெந்த நகராட்சிக்கும் எளிதில் வராத பெருமை அது. அந்தத் தமிழ் வகுப்பறைகள் ஆண்டுக்கு ஆண்டு காலியாகின்றன. அந்தப் புதிய பாடத்திட்டப் பள்ளிகளுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்கு, நல்ல ஆங்கில ஆசிரியர் ஒருவர், மேல்வகுப்புக்குப் போக ஒரு தெளிவான வழி, இவை கிடைத்திருந்தால் அவை இப்படித் தேய்ந்திருக்காது.

அப்படியென்றால் 25 விழுக்காட்டை நான் ஏன் ஆதரிக்கிறேன்? மதிப்பெண்ணுக்காக அல்ல. டெல்லியில் பணக்காரத் தனியார் பள்ளிகள் ஏழை மாணவர்களைச் சேர்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் வந்த பிறகு, பொருளியலாளர் கௌதம் ராவ் அங்கு ஓர் ஆய்வு செய்தார். 2019இல் அது வெளியானது. ஏழைக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாக ஈந்தார்கள். ஏழைப் பிள்ளைகளோடு விளையாடக் கூப்பிட்டால் தயங்கவில்லை. தொடர் ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, நன்றாக ஓடும் ஏழைப் பிள்ளையை ஏழை என்பதற்காக ஒதுக்கவில்லை. ஆங்கில மதிப்பெண்ணில் ஒரு சிறு சரிவு, இந்தியிலும் கணிதத்திலும் ஒன்றுமில்லை. அவ்வளவு சிறிய விலைக்கு இப்படியொரு கல்வியை எந்தப் பாடநூலும் தந்ததில்லை. 25 விழுக்காட்டால் பயன்பெறுவது தாராவிப் பிள்ளை மட்டும் அல்ல. பயனில் பெரும்பங்கு மாட்டுங்காப் பிள்ளைக்கு என்றே சொல்வேன். வவுச்சர் வாதத்தில் இதற்கு இடமே இல்லை. அங்கே கல்வி தனித்தனியாக வாங்கிக்கொண்டு போகும் பொருள். ஒரு வகுப்பறையில் யார் யாரோடு உட்கார்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

இதை மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்களிடம் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் 25 விழுக்காட்டை உறுதிசெய்தபோது, அரசு உதவிபெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு அளித்தது. 2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளையும் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்தே விடுவித்தது. சிறுபான்மை என்றால் மதம் மட்டும் அல்ல, மொழியும் சேர்த்தி. அதை மாநில அளவில் கணக்கிட வேண்டும் என்று 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் முடிவாகிவிட்டது. ஆகவே மகாராஷ்டிரத்தில் தமிழர் மொழிச் சிறுபான்மையினர். தமிழர் நடத்தும் பள்ளி மொழிச் சிறுபான்மைத் தகுதி பெற்றிருந்தால், ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தாராவியின் தமிழ்க் குழந்தைக்கு அந்தப் பள்ளி 25 விழுக்காட்டில் இடம் தர வேண்டியதில்லை. தமிழ் என்ற பெயரில் பெற்ற பாதுகாப்பு தமிழ்ப் பிள்ளையையே வெளியில் நிறுத்த உதவுகிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பிரமதி தீர்ப்பு சரிதானா என்று ஐயம் எழுப்பி, தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியது.

நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிறுபான்மை உரிமையை நான் மதிக்கிறேன்; பெரும்பான்மையின் அதட்டல் உரக்க ஒலிக்கும் இந்நாளில் அது கட்டாயம் காக்கப்பட வேண்டும். விலக்கு என்பது சேர்க்கக் கூடாது என்ற தடை ஆகாது. சேர்ப்பதையும் விடுவதையும் உங்கள் கையில் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மும்பைத் தமிழர் கல்வி நிறுவனங்களின் அறங்காவலர்களே, உங்கள் தாத்தாக்கள் இந்த ஊரில் தம் பிள்ளைகளுக்குக் கதவு திறக்காதபோது தாமே ஒரு கதவு செய்தவர்கள். நுழைவு வகுப்பில் கால்பங்கு இடத்தைத் தாராவி, லேபர் கேம்ப், சீட்டா கேம்ப் குழந்தைகளுக்கு நீங்களாகவே ஒதுக்குங்கள். வருமானச் சான்றுக்காகத் தாசில்தார் அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள். அந்த வட்டாரத்துப் பால்வாடி ஆசிரியைக்கு எந்த வீடு எப்படி என்று தெரியும், அவர் சொல்லை ஏற்றுக்கொள்ளுங்கள். 1950க்கு முந்தைய காகிதத்தைக் கேட்காதீர்கள். எட்டாம் வகுப்போடு கைவிடாமல் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை படிக்கவையுங்கள்; அதற்கான பணத்தை உங்கள் முன்னாள் மாணவர்களிடம் கேளுங்கள். உலகெங்கும் நல்ல நிலையில் இருப்பவர்கள் அவர்கள், கொடுப்பார்கள். இந்தச் சங்கங்களில் உறுப்பினராக இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த சேர்க்கை தொடங்குமுன் கூடும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள், வாக்கெடுப்புக்கு விடச் சொல்லுங்கள்.